ஒரே வைரஸ், ஒரே வீடு: ஒருவருக்குச் சளி, இன்னொருவருக்கு ஆக்சிஜன் ஏன்?

2021 மே மாதம் எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே நாளில் காய்ச்சல் ஆரம்பித்தது. அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரையும் உண்டு. சித்தப்பாவுக்கு 58. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர், மாத்திரை என்று ஒன்றும் கிடையாது. எல்லோர் கண்ணும் அப்பா மேலேயே இருந்தது. அப்பா ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். ஒன்பதாம் நாள் காலை, அடுப்படியில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்த சித்தப்பாவின் விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 89. "மெஷின் ரிப்பேரா இருக்கும், உன் விரல்ல போட்டுப் பாரு" என்றார். என் விரலில் 98.

பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்துவிட்டுத் திரும்பினார். நான் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறேன். அன்று முதல் மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைச் சேர்த்து, பதிலும் எழுதிவைத்திருக்கிறேன். பெரும்பாலும் கொரோனா பற்றித்தான், ஏனென்றால் இந்த விஷயத்தில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட நோய் அதுதான். ஃப்ளூவும், சிசுக்களை அதிகம் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸும் தேவைப்படும் இடத்தில் வரும்.

இருவருக்கும் ஒரே வைரஸ்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்?

உள்ளே போன வைரஸின் அளவு, வயது, வேறு நோய்கள், பரம்பரை என்று காரணங்கள் பல. பலருக்கும் தெரியாத ஒரு காரணம் உண்டு: உடலின் எதிர்ப்பு செல்கள் எந்த நாளில் விழித்தன, எந்த நாளில் அடங்கின என்பது. முதல் மூன்று நாளில் சுறுசுறுப்பாக வேலை பார்த்துவிட்டுப் பத்தாம் நாள் அடங்கியிருக்க வேண்டிய படை, முதல் மூன்று நாள் தூங்கிவிட்டுப் பத்தாம் நாள் எழுந்து ஆடினால் நுரையீரல் தாங்காது. சித்தப்பாவுக்கு எது பிசகியது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய ஒன்பது நாட்களும் இந்தக் கதையோடு நன்றாகவே பொருந்துகின்றன.

வைரஸ்தானே நுரையீரலைக் கெடுக்கிறது? நம்முடைய செல்கள் ஏன் கெடுக்க வேண்டும்?

இரண்டும் கெடுக்கின்றன. வைரஸ் தான் புகுந்த செல்லைக் கொல்கிறது. அதைத் தடுக்க வரும் நம் செல்களிடம் இருக்கும் ஆயுதங்களுக்கு நம் திசு, பகைவன் திசு என்ற பேதம் அவ்வளவாகத் தெரியாது.

நுரையீரல் எவ்வளவு மென்மையான இடம் என்று பார்த்தால் இது புரியும். அதில் 30 கோடி முதல் 50 கோடி வரை சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. உள்ளே வரும் காற்றுக்கும் பக்கத்தில் ஓடும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லை. நம் தலைமுடி அதைவிட ஐம்பது, நூறு மடங்கு தடிமன். அவ்வளவு மெல்லிய சுவர் என்பதால்தான் ஆக்சிஜன் தாண்டுகிறது. அங்கே சண்டை நடந்தால் ரத்தக்குழாய் கசியும், நீர் கோக்கும், செத்த செல்கள் பைக்குள் படலமாகப் படியும். காலில் அடிபட்டு இதே அளவு வீங்கினால் இரண்டு நாள் நொண்டுவோம், அவ்வளவுதான். காற்றுப் பைக்கு வீங்க இடமில்லை.

காய்ச்சல் வருவதற்கு முன்பே உள்ளே என்ன நடக்கிறது?

மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்ததும், அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கும் உணரிகள் வைரஸின் மரபுப்பொருளைக் கண்டுபிடிக்கின்றன. உடனே அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. எச்சரிக்கை கிடைத்த செல்கள் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிட்டு, தங்களுக்குள் வைரஸ் பெருக முடியாதபடி செய்துகொள்கின்றன. தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தான் என்று குரல் கேட்டதும் மற்ற வீடுகள் தாழ்ப்பாள் போடுவதைப் போல.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும், வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சொல்வேன். 1957இல் லண்டன் மில் ஹில்லில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இருவர் சூடாக்கிச் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸைக் கோழி முட்டைச் சவ்வின் மேல் விட்டார்கள். பிறகு அந்தச் சவ்வு ஊறிய திரவத்தை எடுத்து வேறொரு புதிய சவ்வுக்குக் கொடுத்து, அதில் உயிருள்ள வைரஸை விட்டார்கள். வைரஸ் வளரவில்லை. திரவத்தில் இருந்த ஏதோ ஒன்று குறுக்கிடுகிறது என்று தெரிந்தது. குறுக்கிடுவது என்ற பொருளிலேயே அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள்.

கொரோனா வைரஸ் இந்தக் குரலை நெரிப்பதில் கெட்டிக்காரன். அதனிடம் உள்ள பல புரதங்களின் வேலையே இன்டர்ஃபெரான் உருவாகாமலும், உருவானது வேலை செய்யாமலும் தடுப்பதுதான். குரல் எழும்பாத அந்த நாட்களில் உடம்புக்குப் பெரிய தொந்தரவும் தெரியாது, வைரஸும் கேட்பாரில்லாமல் பெருகும்.

இன்டர்ஃபெரான் தாமதமானால் நோய் கடுமையாகும் என்பதற்கு மனிதர்களிடம் சான்று உண்டா?

உண்டு, மிகத் தெளிவான சான்று. 2020இல் ஷான்-லோரான் காசனோவாவின் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா வந்த 987 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். அவர்களில் 101 பேருக்குத் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்க வைக்கும் ஆன்டிபாடிகள், அதாவது கிருமியைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்புப் புரதங்கள், இருந்தன. அறிகுறி இல்லாமலோ லேசாகவோ வந்துபோன 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள், பாதிப் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

இந்த ஆன்டிபாடிகள் கொரோனாவால் வந்தவை அல்ல. சிலருடைய ரத்தம் தொற்றுக்கு முன்பே சேமிக்கப்பட்டிருந்தது, அதிலும் அவை இருந்தன. அதாவது அந்த மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் நலமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு குறை தங்களுக்கு இருப்பதே தெரியாது. பிறகு கடுமையான ஃப்ளூ வந்தவர்கள் சிலரிடமும் இதே ஆன்டிபாடிகள் கிடைத்தன. "நல்லாத்தானே இருந்தார்" என்று இறந்த வீடுகளில் கேட்ட அழுகைக்கு விஞ்ஞானம் கொடுத்த பதில்களில் இது ஒன்று. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு சிறிய கூட்டத்துக்குப் பிறவியிலேயே குறை. நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களில் அண்ணன் தம்பிகள், இளைஞர்கள், வேறு நோய் இல்லாதவர்கள், கடுமையான கொரோனாவில் விழுந்தார்கள். எல்லோருக்கும் டி.எல்.ஆர்.7 என்ற உணரியின் மரபணு பழுதாகியிருந்தது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான், பழுதானால் மாற்று இல்லை.

அப்படியானால் 'சைட்டோகைன் புயல்' என்பது என்ன?

சைட்டோகைன்கள் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் தகவல் புரதங்கள். இன்டர்ஃபெரானும் அதில் ஒரு வகை. 'இங்கே வா', 'பெருகு', 'காய்ச்சலைக் கூட்டு', 'போதும், நிறுத்து' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். வைரஸ் முன்பே நிறையப் பரவிவிட்ட நுரையீரலில் மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் ஐ.எல்.6 என்ற சைட்டோகைன் போன்ற அழைப்புகளை நிறுத்தாமல் அனுப்பும். ரத்தத்திலிருந்து நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வரும். அவை நச்சு நொதிகளைக் கொட்டும், தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசும். பாக்டீரியாவைப் பிடிக்க அந்த வலை நல்லது. நுரையீரலின் நுண்குழாய்களில் அதுவே ரத்தம் உறைய வழி செய்துவிடும்.

'புயல்' என்ற சொல்லை நான் கொஞ்சம் தயங்கித்தான் பயன்படுத்துகிறேன். உடம்பெங்கும் ரத்தத்தில் சைட்டோகைன் பொங்கி வழிவதாக ஒரு படத்தை அது காட்டுகிறது. புற்றுநோய்க்கான சில செல் சிகிச்சைகளில் உண்மையாகவே அப்படி நடக்கும். அந்தச் சிகிச்சையில் அப்படி ஆனவர்களுடைய ஐ.எல்.6 அளவு கடுமையான கொரோனா நோயாளிகளுடையதைப் போலச் சராசரியாகக் கிட்டத்தட்ட நூறு மடங்கு. கொரோனாவில் பெரிய சேதம் நடப்பது நுரையீரலுக்குள், அந்தந்த இடத்தில். ஊரெல்லாம் வெள்ளம் என்பதைவிட ஒரு வீட்டுக்குள் குழாய் உடைந்த கதை என்றால் சரியாக இருக்கும்.

ஆன்டிபாடி இருந்தால் போதாதா? டி செல் என்று ஏன் சொல்கிறார்கள்?

ஆன்டிபாடி செல்லுக்கு வெளியே மிதக்கும் வைரஸைப் பிடிக்கும். செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸை அதனால் எட்ட முடியாது. அந்தச் செல்லை அடையாளம் கண்டு, அதை மட்டும் கொல்வது சி.டி.8 டி செல்களின் வேலை. தொற்று வராமல் தடுப்பதில் ஆன்டிபாடிக்கும், வந்த தொற்று முற்றாமல் தடுப்பதில் டி செல்லுக்கும் பெரிய பங்கு என்று தோராயமாகச் சொல்லலாம்.

பிறவியிலேயே பி செல் இல்லாத, அதனால் ஆன்டிபாடி தயாரிக்க முடியாத நோயாளிகளில் சிலர் கொரோனாவிலிருந்து பிழைத்து வந்தார்கள். 2009இல் பன்றிக்காய்ச்சல் பரவிய காலத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஊழியரும் மாணவருமாக 342 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். புதிய வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இல்லாதவர்களிலும், பழைய ஃப்ளூக்களால் உருவான ஒரு வகை டி செல்கள் கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் லேசாகவே வந்தது. சிங்கப்பூரில், கொரோனாவின் உறவுக்கார வைரஸால் வந்த 2003 சார்ஸிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்தை 2020இல் பார்த்தபோது, 17 ஆண்டுகள் கழித்தும் அந்த வைரஸை அறிந்த டி செல்கள் இருந்தன.

ஓமிக்ரான் வந்தபோது தடுப்பூசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தது. "ஊசி போட்டும் வந்ததே" என்று கோபப்பட்டார்கள். ஆன்டிபாடிகள் பற்றும் இடங்கள் பல மாறிவிட்டது உண்மை. ஆனால் டி செல்கள் அடையாளம் காணும் துண்டுகளில் பெரும்பகுதி மாறவில்லை. பலருக்குத் தொண்டை வலியோடு முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் இதெல்லாம் தெரியுமா?

ஓரளவு தெரியும். ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சி.பி.சி. பரிசோதனையிலேயே நியூட்ரோபில், லிம்போசைட் சதவீதங்கள் இருக்கும். டி செல்லும் பி செல்லும் லிம்போசைட் வகை. நோய் முற்றும்போது லிம்போசைட் குறைந்து நியூட்ரோபில் ஏறும். சித்தப்பாவின் தாளில் ஒன்பதாம் நாள் நியூட்ரோபில் 86, லிம்போசைட் 9. சி.ஆர்.பி., ஃபெரிட்டின் இரண்டும் அழற்சி எந்த அளவில் இருக்கிறது என்று காட்டும், டி-டைமர் ரத்தம் உறைவதைக் காட்டும். இவற்றில் ஒரே ஒரு எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், தைரியம் கொள்ளவும் வேண்டாம். மருத்துவர் பார்ப்பது எண் எந்தத் திசையில் போகிறது என்பதை.

ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றியதா, கெடுத்ததா?

இரண்டும் நடந்தது. ஸ்டீராய்டு எதிர்ப்பு செல்களை அடக்கும் மருந்து. எந்த நாளில், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயம்.

பிரிட்டனில் நடந்த ரெகவரி சோதனையில் 2,104 பேருக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் பத்து நாள் கொடுத்தார்கள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2020 ஜூனில் முடிவு வெளியானது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 41.4 சதவீதம், டெக்சாமெத்தசோனில் 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் பலன் எதுவும் தெரியவில்லை. 14 சதவீதத்துக்குப் பதில் 17.8 சதவீதம் பேர் இறந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் கெடுதல் செய்யக்கூடும் என்ற பயத்துக்கு அதுவே போதும்.

இதுவரை படித்ததை வைத்துப் பார்த்தால் ஏன் என்று உங்களுக்கே புரியும். முதல் வாரத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கிறது, எதிர்ப்பு செல்கள் முழு மூச்சாக வேலை செய்ய வேண்டிய நேரம். அப்போது ஸ்டீராய்டு கொடுத்தால் நம் ஆட்களையே கட்டிப்போடுகிறோம். இரண்டாம் வாரத்தில் சேதத்தில் பெரும்பங்கு நம் செல்களுடையது, அப்போது கட்டிப்போடுவது உயிரைக் காக்கிறது. ஐ.எல்.6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தும் இதே வழியில் உதவியது, ஆக்சிஜன் தேவைப்பட்டு அழற்சி ஏறியிருந்தவர்களுக்கு மட்டும்.

2021இல் நம் ஊரில் என்ன நடந்தது என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் பார்த்தேன். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், நியூட்ரோபில்களையும் மேக்ரோபேஜ்களையும் மந்தமாக்கும். மூக்கில் நுழையும் பூஞ்சை வித்துகளை அன்றாடம் சத்தமில்லாமல் ஒழித்துக்கொண்டிருப்பவை அந்தச் செல்கள்தான். அதே மே மாதத்தில் தமிழ்நாடு கருப்புப் பூஞ்சையை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கண் இழந்தவர்கள் உண்டு, மேல் தாடை எடுக்கப்பட்டவர்கள் உண்டு. சர்க்கரை நோயும் தேவையில்லாத ஸ்டீராய்டும் அதில் பெரும்பங்கு வகித்தன.

இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டால் என்ன?

போட்டுப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி சோதனையில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இன்டர்ஃபெரான் பீட்டா கொடுத்தார்கள். இறப்பு குறையவில்லை. பிரேசிலிலும் கனடாவிலும் நோய் தொடங்கிய ஏழு நாளுக்குள், இன்னும் வீட்டில் இருந்தவர்களுக்கு லாம்டா வகை இன்டர்ஃபெரானை ஒரே ஒரு ஊசியாகப் போட்டார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தவர்கள் 5.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆனார்கள். 2023இல் முடிவு வெளியானது. வகை வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும் சீக்கிரம் கொடுத்தது உதவியது, தாமதமாகக் கொடுத்தது உதவவில்லை என்பதே இதிலும் தெரிகிறது.

குழந்தைகளுக்கு ஏன் லேசாக வருகிறது?

கொரோனாவில் அப்படித்தான், எல்லா வைரஸிலும் அல்ல. பெர்லினில் குழந்தைகளின் மூக்குச் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, வைரஸை உணரும் கருவிகள் தொற்றுக்கு முன்பே தயார் நிலையில் இருந்தன. பெரியவர்களின் மூக்கில் அவ்வளவு இல்லை. வயதாக ஆகப் புதிய டி செல்களைத் தயாரிக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கிவிடும், இன்டர்ஃபெரானும் மெதுவாகும்.

ஆர்.எஸ்.வி.யில் தலைகீழ். ஆறு மாதத்துக்குள் இருக்கும் சிசுக்களைத்தான் அது அதிகம் தாக்கும், அவர்களுடைய மூச்சுக்குழல் அவ்வளவு குறுகலானது. 1918 ஃப்ளூ இன்னும் விசித்திரம்: 20 முதல் 40 வயது வரையான திடகாத்திரமானவர்கள் மடிந்தார்கள். அந்த வைரஸை மீட்டுருவாக்கி 2007இல் குரங்குகளுக்குச் செலுத்தியபோது எதிர்ப்பு செல்கள் கட்டுக்கடங்காமல் நுரையீரலைத் தாக்கின. அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த இறப்புகளில் பெரும்பாலானவற்றில் ஃப்ளூவின் பின்னால் பாக்டீரியா நிமோனியாவும் வந்து சேர்ந்திருந்தது.

தடுப்பூசியே எதிர்ப்பு செல்களைத் தவறான வழியில் பழக்கிவிடுமா?

ஒரு முறை அப்படி நடந்தது, அதை மறைக்கக் கூடாது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஃபார்மலின் கொண்டு செயலிழக்க வைத்த ஆர்.எஸ்.வி. தடுப்பூசியைச் சிசுக்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த குளிர்காலத்தில், அந்த ஊசி போட்டுப் பிறகு தொற்று வந்த குழந்தைகளில் 80 சதவீதம் மருத்துவமனைக்குப் போனார்கள். வேறு ஊசி போட்ட குழந்தைகளில் 5 சதவீதம்தான். இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசியால் உருவான ஆன்டிபாடிகள் வைரஸோடு ஒட்டின, ஆனால் அதைத் தடுக்கவில்லை. கூடவே ஒவ்வாமை போன்ற ஒரு டி செல் எதிர்வினை கிளம்பி நுரையீரலை வீங்க வைத்தது.

இந்தத் துயரத்தால் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி அரை நூற்றாண்டு தள்ளிப்போனது. 2013இல் ஜேசன் மெக்லெல்லனும் பார்னி கிரஹாமும் அவர்களுடைய குழுவும் வைரஸின் எஃப் புரதம் செல்லோடு இணைவதற்கு முன் எந்த வடிவில் இருக்கும் என்று கண்டுபிடித்து, அந்த வடிவத்திலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். 2023இல் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசி வந்தது. புரதத்தை மாறாமல் நிறுத்திவைக்கும் அதே யோசனைதான் பல கொரோனா தடுப்பூசிகளில் உள்ள ஸ்பைக் என்ற வைரஸ் புரதத்திலும் இருந்தது. அந்த இரண்டு குழந்தைகளை நினைக்காமல் இந்தப் பாடத்தை என்னால் நடத்த முடிவதில்லை.

நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொள்ள என்ன சாப்பிடலாம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். எதிர்ப்பு சக்தி என்பது ரேடியோ சத்தம் போலக் கூட்டிக் குறைக்கும் ஒன்றல்ல. கூட்டிவிட்டாலே நல்லது என்றால் இரண்டாம் வாரத்தில் யாரும் ஐ.சி.யூ.வுக்குப் போக வேண்டியிருக்காது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புகையை விடுவது, நன்றாகத் தூங்குவது, தடுப்பூசி போடுவது ஆகியவை உதவும். கபசுரக் குடிநீரை நானும் குடித்தேன், அம்மா கொடுத்தார்கள். டெக்சாமெத்தசோனுக்கு நடந்ததைப் போன்ற பெரிய சோதனை அதற்கு நடக்கவில்லை. குடியுங்கள், ஆனால் அதை நம்பி ஆக்சிமீட்டரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எந்த நாளைக் கவனிக்க வேண்டும்?

கொரோனாவில் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை. காய்ச்சல் விட்டது போலிருந்து மறுபடி ஏறினால் கூடுதல் கவனம் தேவை. ஃப்ளூவிலும் அப்படித்தான், பாக்டீரியா நிமோனியா அப்படித்தான் தலைகாட்டும்.

சித்தப்பாவால் 89இல் எப்படிக் காபி ஆற்ற முடிந்தது என்று பலரும் கேட்டார்கள். மூச்சுத்திணறல் என்ற உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் கரியமில வாயு தேங்குவதுதான், ஆக்சிஜன் குறைவது அல்ல. கரியமில வாயு எளிதாக வெளியேறிவிடும், அதனால் ஆக்சிஜன் இறங்கியும் திணறல் தெரியாது. ஆகவே எண்ணைப் பாருங்கள். 94க்குக் கீழே போனால் அன்றே மருத்துவமனை. 95, 96 இருந்தாலும் வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள், மூன்று நான்கு இறங்கினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் தப்பாக வரும். சந்தேகமென்றால் நலமாக இருக்கும் ஒருவர் விரலில் மாட்டிப் பாருங்கள். இன்னொன்று, கறுத்த தோலில் இந்தக் கருவி சில சமயம் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும், அமெரிக்க மருத்துவமனைகளில் 2020இல் அளந்தே பார்த்துவிட்டார்கள். நம்மில் பலர் நிறம் அதுதான். கருவி 94 என்றால், உள்ளே அதற்கும் குறைவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.